கோல்கீப்பர் தம்பியின் முட்டு வீக்கம்

கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்த கடிதம் இது. எழுதியவருக்கு வயது 20. கல்லூரி மாணவர், ஊர் அணிக்கும் கல்லூரி அணிக்கும் கோல்கீப்பர். ஆளை அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

18 நாளுக்கு முன் மார்த்தாண்டம் பக்கம் ஒரு செவன்ஸ் போட்டி, அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து. செம்மண்ணும் சரளையுமான மைதானம். பந்துக்குப் பாய்ந்தபோது வலது முட்டு தரையில் மோதி, தோல் உரிந்திருக்கிறது. ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்திருக்கிறார். மறுநாள் காலையில் முட்டுச்சிரட்டைக்கு மேலே நெல்லிக்காய் அளவுக்கு வீக்கம். ஊர் வர்ம ஆசான் மூன்று நாள் எண்ணெய் போட்டுத் தடவினார். வீக்கம் கூடியதே தவிர குறையவில்லை. இப்போது பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கிறதாம். அமுக்கினால் தண்ணீர்ப் பை போல அசைகிறது. நடக்க வலி இல்லை, படி ஏறலாம், கோவிலில் முட்டுப்போட்டால் மட்டும் உயிர் போகிறது.

ஆளுக்கொரு பேச்சு. ஜவ்வு கிழிந்திருக்கும், உடனே எம்ஆர்ஐ எடு என்கிறார் கோச். ஊசியால் நீரை எடுத்துவிட்டால் இரண்டே நாளில் ஆடலாம் என்கிறார்கள் நண்பர்கள். ஒரு தடவை நீர் எடுத்தால் காலம் முழுக்க எடுத்துக்கொண்டே இருக்க வேண்டிவரும் என்று பயப்படுகிறார் அம்மா. தம்பி பத்து நாளாக மெடிக்கலில் வாங்கிய டைக்ளோபினாக் வலி மாத்திரையில் ஓட்டிக்கொண்டிருக்கிறார். 24 நாளில் அவருக்கு ஒரு அணித் தேர்வு இருக்கிறது. எம்ஆர்ஐ எடுக்கவா, நீர் எடுக்கவா, தேர்வுக்குப் போகலாமா என்பது கேள்வி.

கடிதம் முடிந்த பிறகு, கீழே ஒரு பின்குறிப்பு: ‘இரண்டு நாளாக அந்த இடம் கொஞ்சம் சூடாக இருக்கிறது. பொருக்கைச் சுற்றிச் சிவந்திருக்கிறது. காய்ச்சல் இல்லை. உப்புத் தண்ணீர் பட்டால் புண் ஆறும் என்று தினமும் கடலில் குளிக்கிறேன்.’

தம்பி, உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்தப் பின்குறிப்பைத்தான். அதனால்தான் கடிதம் வந்த அன்றே, ‘நாளைக் காலையில் மருத்துவரிடம் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள்’ என்று ஒரு வரி அனுப்பினேன். ஏன் அவ்வளவு அவசரம் என்பதை இங்கே விளக்கமாக எழுதுகிறேன். உங்களைப் போல முட்டிலும் முழங்கையிலும் விழுந்து விளையாடுகிற பிள்ளைகள் நம் மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

கையால் தொட்டுப் பார்க்காமல் கடிதத்தை மட்டும் வைத்து எந்த வைத்தியரும் தீர்ப்பு சொல்லக் கூடாது. இருந்தாலும் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது பர்சைட்டிஸ் போலத்தான் தெரிகிறது. தோலும் எலும்பும், அல்லது தசைநாரும் எலும்பும் உரசுகிற இடங்களில் நம் உடம்பு சின்னச் சின்னப் பைகளை வைத்திருக்கிறது. அதற்குப் பெயர் பர்சா. உடம்பு முழுக்கச் சுமார் 150 இருக்கும். காற்றில்லாத பலூன் போல ஒட்டிக்கிடக்கும், உள்ளே ஓரிரு சொட்டு வழவழப்பான நீர்தான் இருக்கும். உங்கள் முட்டுச்சிரட்டைக்கும் அதன் மேல்தோலுக்கும் நடுவிலும் அப்படி ஒன்று உண்டு. நீங்கள் மடங்கி நிமிரும்போது தோல் எலும்பின் மேல் வழுக்கிப் போவது அதனால்தான். ஒரே அடியாக விழுந்தாலும், தினமும் நூறு தடவை தரையில் மோதினாலும் அந்தப் பை வீங்கி நீர் கோர்க்கும். கோல்கீப்பருக்கும், மல்யுத்தக்காரருக்கும், வாலிபாலில் விழுந்து பந்தெடுப்பவருக்கும் வருவது இதுதான். தரையில் முட்டுப்போட்டு டைல்ஸ் ஒட்டுகிற தொழிலாளிக்கும் வரும்.

நீர் எங்கே நிற்கிறது?

முட்டில் நீர் கட்டியிருக்கிறது என்று எல்லாரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் மூட்டுக்கு உள்ளே கட்டும் நீர் வேறு, மூட்டுக்கு வெளியே பர்சாவில் கட்டும் நீர் வேறு. உங்கள் கோச் பயப்படுவது முதலாவதை. உங்களுக்கு இருப்பது இரண்டாவது என்று நான் நினைக்கிறேன். இதை வீட்டிலேயே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம்.

கட்டிலில் இரண்டு காலையும் நீட்டி, தசையைத் தளர்த்தி உட்காருங்கள். இரண்டு முட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பர்சா வீக்கம் சிரட்டையின் மேலேயே, தனி மேடு போல உட்கார்ந்திருக்கும். விரலால் தடவினால் அந்த மேட்டுக்கு அடியில் சிரட்டை தட்டுப்படாது. மூட்டுக்குள் நீர் கட்டினால் சிரட்டைக்கு இரண்டு பக்கமும் உள்ள குழிகள் மறையும், தொடைப் பக்கம் மேலே வரை வீங்கும், சிரட்டை தண்ணீரில் மிதக்கிற மாதிரி அமுங்கி எழும்பும்.

அடுத்தது அசைவு. காலை வேறொருவர் தாங்கிப் பிடித்து மெதுவாக மடக்கி நீட்டட்டும். பர்சா என்றால் முழுசாக நீட்ட வரும். மடக்கும்போது கடைசியில், தோல் இறுகுகிற இடத்தில் மட்டும் வலிக்கும். நீங்கள் முட்டுப்போடும்போது மட்டும் வலிக்கிறது என்று எழுதியது இதோடு ஒத்துப்போகிறது. மூட்டுக்குள் கோளாறு என்றால் எந்தப் பக்கம் அசைத்தாலும் வலிக்கும்; ஆளே காலைப் பாதி மடக்கியபடி வைத்துக்கொண்டு, தொட விடமாட்டார். அப்புறம், முட்டை மடக்காமல் காலை நேராகக் கட்டிலை விட்டுத் தூக்கிப் பாருங்கள். தூக்க முடியாவிட்டால் சிரட்டை எலும்போ தசைநாரோ போயிருக்கலாம், அதை அன்றைக்கே காட்ட வேண்டும்.

ஜவ்வு கிழிவதற்கு வேறு கதை உண்டு. உள்ளே ‘டக்’ என்று ஏதோ அறுந்தது போல இருக்கும். சில மணி நேரத்திலேயே முட்டு முழுக்க வீங்கும். ஆட்டத்தைத் தொடர்வது கஷ்டம். பிறகு திரும்பும்போதும் இறங்கும்போதும் கால் கழன்று போவது போல வழுக்கும். உங்கள் கடிதத்தில் இதில் எதுவுமே இல்லை. மீதி ஆட்டத்தையும் ஆடி முடித்திருக்கிறீர்கள், படி ஏறுகிறீர்கள். கோச்சின் அக்கறையைக் குறை சொல்லவில்லை, ஆனால் இப்போது எம்ஆர்ஐக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். விழுந்த அடி பலமானது என்பதால் எலும்பில் கீறலோ தோலுக்குள் கல்துண்டோ இருக்கிறதா என்று பார்க்க ஒரு எக்ஸ்ரே நியாயம். சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்ட் போதும். பையில் நீர் இருப்பதையும் அது மூட்டுக்கு வெளியே இருப்பதையும் அதிலேயே காட்டிவிடலாம். மருத்துவர் பரிசோதித்துவிட்டு மூட்டுக்குள்ளும் ஏதோ இருக்கிறது என்று சொன்னால் எம்ஆர்ஐ எடுங்கள்.

சூடும் சிவப்பும்

இனி அந்தப் பின்குறிப்புக்கு வருகிறேன். முட்டிலும் முழங்கையிலும் தோலுக்கு அடியிலேயே இருக்கிற பர்சா வீங்கினால், ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் கிருமித் தொற்று இருக்கும். பெரும்பாலும் ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி. நம்மில் பலரின் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகத் திரிகிற ஆசாமிதான். தோல் உரிந்த இடம் அதற்குத் திறந்த கதவு. உங்களுக்குத் தோல் உரிந்திருக்கிறது. 16 நாள் சும்மா இருந்த வீக்கம் இப்போது சூடாகிச் சிவக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கிருமி இல்லை என்று நிரூபிக்கும் வரை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

காய்ச்சல் இல்லை என்று ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஏற்க மாட்டேன். தொற்று உள்ளவர்களிலும் பலருக்குக் காய்ச்சல் வருவதில்லை. அதோடு நீங்கள் பத்து நாளாகப் போடும் டைக்ளோபினாக் வலியை மட்டுமல்ல, காய்ச்சலையும் அமுக்கி வைக்கும். அந்த மாத்திரையை நிறுத்துங்கள். இத்தனை நாள் யாரும் பார்க்காமல் போட்டால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லதில்லை.

சூட்டைப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஐஸோ துணிக்கட்டோ இல்லாமல் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். பிறகு புறங்கையை இரண்டு முட்டிலும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி வையுங்கள். வித்தியாசம் நன்றாகத் தெரிந்தால் அது முக்கியமான அடையாளம். சிவப்பு எதுவரை இருக்கிறதோ அதன் ஓரத்தைப் பேனாவால் வரைந்து வையுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவினாலும், குளிர்காய்ச்சல் வந்தாலும், தொடை இடுக்கில் நெறி கட்டினாலும், முட்டை எந்தப் பக்கம் அசைத்தாலும் வலித்தாலும், ராத்திரி ஆனாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கடைசியாகச் சொன்னது மூட்டுக்குள்ளேயே கிருமி புகுந்ததற்கு அடையாளமாக இருக்கலாம். அங்கே மணிக்கணக்கில் குருத்தெலும்பு அரிக்கப்படும்.

கடல் குளியலை நிறுத்துங்கள். உப்புத் தண்ணீர் புண்ணை ஆற்றும் என்பது நம் கரையோரத்தில் தலைமுறை தலைமுறையாக வருகிற நம்பிக்கை. ஆனால் கடல் நீரில் புண்ணைக் கெடுக்கிற கிருமிகளும் வாழ்கின்றன. திறந்த புண்ணோடு கடலில் இறங்கினீர்கள் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கிருமி வேறாக இருந்தால் மருந்தும் வேறாகும். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

ஆசானைப் பற்றியும் சொல்ல வேண்டும். வர்மமும் அடிமுறையும் தெரிந்த ஆசான்கள் கையில் நம் மாவட்டத்தில் எத்தனையோ பேர் சுளுக்கும் பிடிப்பும் தீர்ந்து நடந்திருக்கிறார்கள். அந்த மரியாதையோடுதான் சொல்கிறேன்: தோல் உரிந்து நீர் கோர்த்த இடத்தைத் தடவக் கூடாது. அடிபட்ட பை மேலும் அடிபட்டு நீர் கூடும், கிருமி இருந்தால் பரவும். சூடாக இருக்கிற வீக்கத்துக்கு உப்பு ஒத்தடமும் வேண்டாம், மேலே சுடுகிற பற்றும் வேண்டாம். ஆசானிடம் போய் நீங்களே இதைச் சொல்லுங்கள். நல்ல ஆசான் புரிந்துகொள்வார்.

நீர் எடுக்கலாமா?

நண்பர்கள் சொல்வதும் அம்மா சொல்வதும் இரண்டுமே பாதி சரி.

சாதாரண பர்சா வீக்கத்தில் நீரை எடுத்தால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பை அப்படியே இருக்கிறது. மறுபடி பாய்ந்தால் மறுபடி நிறையும். சில பேருக்கு இரண்டு நாளிலேயே நிறையும். அம்மா சொல்வது அங்கிருந்து வந்ததுதான். நிறைவதற்குக் காரணம் ஊசி இல்லை, ஓயாத உரசல்தான். கிருமியே இல்லாத பைக்குள் ஊசி வழியாகக் கிருமி போகவும் வாய்ப்பு உண்டு. எனவே சூடும் சிவப்பும் இல்லாத வீக்கத்தில் நான் அவசரப்பட்டு ஊசியை எடுப்பதில்லை.

உங்கள் நிலை வேறு. உங்களுக்கு நீர் எடுக்க வேண்டியது வீக்கத்தை வடிக்க இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. புண்ணின் மேலே குத்தாமல், பக்கவாட்டில் நல்ல தோல் வழியாகச் சுத்தமான முறையில் எடுக்க வேண்டும். எடுத்த நீர் ஆய்வகத்துக்குப் போக வேண்டும்: வெள்ளை அணுக்கள் எத்தனை, கிராம் ஸ்டெயினில் (சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது) கிருமி தெரிகிறதா, கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) என்ன வளர்கிறது, கௌட் என்ற மூட்டு நோயைக் காட்டும் யூரிக் அமிலப் படிகம் இருக்கிறதா. கடைசிச் சோதனை உங்கள் வயதில் பெரும்பாலும் தேவைப்படாது, உங்கள் அப்பா வயதுக்காரருக்கு முக்கியம். கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும்.

நான் படித்து முடித்த புதிதில் ஒரு கபடி வீரரின் முழங்கை வீக்கத்திலிருந்து நீர் எடுத்தேன். லேசாக ரத்தம் கலந்திருந்தது. அடிபட்ட ரத்தம்தானே என்று நினைத்து, ஆய்வகத்துக்கு அனுப்பாமல் கொட்டிவிட்டேன். ஒரு வாரத்தில் காய்ச்சலோடு வந்தார், சீழ் வைத்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்து கழுவ வேண்டியதாயிற்று, அந்த சீசன் முழுக்க அவரால் ஆட முடியவில்லை. அந்தப் பையனின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து எடுத்த நீரில் ஒரு சொட்டைக்கூட அனுப்பாமல் விட்டதில்லை.

மெடிக்கலில் கேட்டு நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். நீர் எடுப்பதற்கு முன் இரண்டு மாத்திரை உள்ளே போனால், கல்ச்சரில் கிருமி வளராமல் போய் மருத்துவர் இருட்டில் தேட வேண்டியிருக்கும். தொற்று லேசாக இருந்தால் மாத்திரையிலேயே சரியாகும், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம். ஆனால் முதல் இரண்டு நாளுக்குள் மறுபடி காட்டியே ஆக வேண்டும். பரவியிருந்தால் அட்மிட் ஆகி ஊசி மருந்து எடுக்க வேண்டும்.

உங்கள் ஊரிலிருந்து குழித்துறை அரசு மருத்துவமனைக்கோ, எலும்பியல் துறை உள்ள ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகலாம். எங்கே போனாலும், ஊசியை எடுக்கும் முன் ‘இது என்ன மருந்து, எதற்கு’ என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கூச்சப்படாதீர்கள். பரிசோதனை முடிவின் நகலையும் கேட்டு வாங்குங்கள். நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுங்குவிதி.

யாராவது வீக்கம் ஒரே நாளில் வற்ற ‘ஸ்டீராய்டு போட்டுவிடலாம்’ என்றால், இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கிருமி இருக்கிற பையில் ஸ்டீராய்டு போட்டால் நெருப்பில் எண்ணெய் ஊற்றிய கதைதான். கிருமி இல்லாவிட்டாலும் முட்டுமேல் தோல் மெலிந்து போகலாம். இன்னொன்றும் உண்டு. 2022 ஜனவரி 1 முதல் இந்த வகை ஸ்டீராய்டை எந்த இடத்தில் ஊசியாகப் போட்டாலும் போட்டிக் காலத்தில் அது ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் வருகிறது. மேல்மட்டத்தில் ஆட ஆசைப்படுகிற நீங்கள் இப்போதே இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

தேர்வுக்குப் போகலாமா?

நீரில் கிருமி இல்லை என்று வந்தால் நல்ல செய்தி. பாய்வதையும் முட்டுப்போடுவதையும் நிறுத்துங்கள், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம் வையுங்கள், இறுக்காமல் கிரேப் பேண்டேஜ் சுற்றுங்கள். இரண்டிலிருந்து ஆறு வாரத்தில் பெரும்பாலானோருக்கு அடங்கிவிடும். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. கால் தசைக்கு நேராகத் தூக்குகிற பயிற்சி, நின்றுகொண்டே பந்து பிடிப்பது, உதைப்பது எல்லாம் செய்யலாம்.

கிருமி இருந்தால், 24 நாளில் ஆடலாம் என்று நான் வாக்குத் தர மாட்டேன். சூடும் சிவப்பும் போய், புண் முழுசாக மூடி, மருந்து முடிந்த பிறகுதான் பாயப் பழக வேண்டும். உங்கள் துண்டு, முட்டு பேட், ஜெர்சி எதையும் இந்த நாட்களில் அணியில் யாரோடும் பகிராதீர்கள். இந்தக் கிருமி அப்படித்தான் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது.

உங்கள் முன்னால் இருக்கிற வழிகளை வெளிப்படையாகச் சொல்கிறேன். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறைத்து ஆடலாம். ஒரு பாய்ச்சலில் பை வெடித்தால், நாள்பட்ட புண்ணாகி, பையையே அறுத்து எடுக்க வேண்டிவரலாம். அல்லது மருத்துவச் சான்றிதழோடு தேர்வாளர்களிடம் இப்போதே பேசலாம், வேறொரு நாள் கேட்கலாம். அதற்கு அவர்கள் ஒத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியாது. மறுத்தாலும், 20 வயது கோல்கீப்பருக்கு முன்னால் இன்னும் பத்துப் பதினைந்து வருடம் இருக்கிறது. இரண்டாவது வழியைத்தான் என் தம்பியாக இருந்தாலும் சொல்வேன். பேச்சை உங்கள் கோச் ஆரம்பித்தால் நல்லது. ஜவ்வு இல்லை என்று தெரிந்தால் அவருக்கும் நிம்மதி.

திரும்பும் நாள் வந்ததா என்று பார்க்க: இரண்டு முட்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும், முழுசாகக் குத்தவைக்க முடிய வேண்டும், மெத்தைமேல் முட்டுப்போட்டால் வலிக்கக் கூடாது. பிறகு முதலில் மணலில் பாயுங்கள், அடுத்தது புல்லில். சரளை மைதானத்துக்குக் கடைசியில் போங்கள், அதுவும் தடித்த முட்டு பேட் போட்டுக்கொண்டு.

மற்ற ஆட்டக்காரர்களுக்கு

கபடி ஆடுபவருக்கு முழங்கை நுனியில் முட்டை போல வீங்கினால் இதே கதைதான், இதே சோதனைதான். நாகர்கோவில் அண்ணா விளையாட்டு அரங்கில் ஓடுகிற பிள்ளைகளுக்குக் குதிகாலுக்குப் பின்னால், ஷூவின் மேல் ஓரம் உரசுகிற இடத்தில் வரும். முதலில் ஷூவை மாற்றிப் பாருங்கள். முட்டுக்குக் கீழே உள்பக்கத்தில் வலித்தால் அங்கும் ஒரு பர்சா உண்டு. வாலிபாலில் ஸ்மாஷ் அடிப்பவரின் தோள்வலிக்கும், ஓட்டக்காரரின் இடுப்புப் பக்கவாட்டு வலிக்கும் ‘பர்சைட்டிஸ்’ என்று சீட்டில் எழுதியிருந்தால், உடனே ஊசிக்குச் சம்மதிக்காமல் தசைநார்களையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு இடத்திலும் பல நேரம் மூல காரணம் தசைநார்தான், அதற்கு மருந்து பிசியோதெரபி பயிற்சி. அங்கெல்லாம் வீக்கம் வெளியே தெரியாது, எனவே வெறும் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது.

தம்பி, கல்ச்சர் முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள், என்ன வந்தாலும். அதுவரை ஞாயிற்றுக்கிழமை பூசையில் முட்டுப்போடாமல் பெஞ்சில் உட்கார்ந்தே இருங்கள். அம்மா கவலைப்பட்டால் டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள்.